மினி டிராக்டரில் செல்ஃப் எடுக்கவில்லை: சாவி சுவிட்சா, கிளட்ச் சுவிட்சா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. இலவம்பாடிப் பக்கம் கத்திரித் தோட்டத்துக்காகப் பழைய 24 எச்.பி. மினி டிராக்டர் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். சாவியைத் திருப்பினால் சில நேரம் உடனே எடுக்கிறது. சில நேரம் டேஷ்போர்டு விளக்கெல்லாம் எரிந்தும் செல்ஃப் (எஞ்சினை முதலில் சுற்றிவிடுகிற ஸ்டார்ட்டர் மோட்டார்) அசைவதில்லை. நாலைந்து முறை திருப்பினாலோ, கிளட்சை விட்டு மறுபடி மிதித்தாலோ எடுத்துவிடுகிறது. காலையில் பரவாயில்லை, ரொட்டவேட்டர் ஓட்டி நிறுத்தினால் மதியத்தில்தான் தொல்லை. சாவி சுவிட்சை மாற்றியும் பலன் இல்லை. இப்போது மெக்கானிக், "கிளட்ச் சுவிட்சை டைரக்ட் பண்ணிடலாம்" என்கிறார், அதாவது சுவிட்சை விட்டுவிட்டு ஒயரை நேராக முறுக்கிச் சேர்ப்பது. செய்யலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பழுது எங்கே என்பது ஒன்று. கிளட்ச் சுவிட்சுதான் பழுது என்றே ஆனாலும் அதை இல்லாமல் செய்துவிடலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ஒரே வார்த்தையில் பதில்: கூடாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

காட்பாடிப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை என் பிழைப்பு. டிராக்டர், பவர் டில்லர், நெல் அறுக்கிற வண்டி என்று கழனியில் ஓடுவதெல்லாம் கைக்கு வரும். உங்கள் வண்டியை நான் தொட்டுப் பார்க்கவில்லை. கம்பெனிக்குக் கம்பெனி, ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல், ஒயர் நிறமும் வரிசையும் மாறும். அதனால் சிவப்பைப் பிடியுங்கள், மஞ்சளை வெட்டுங்கள் என்று இங்கிருந்தபடி சொல்ல மாட்டேன். வேறு யாராவது அப்படிச் சொன்னாலும் கேட்க வேண்டாம். எல்லா 12 வோல்ட் வண்டிக்கும் பொருந்துகிற முறையைச் சொல்கிறேன்.

செல்ஃப் மோட்டாருக்கு இரண்டு வழியாகக் கரன்ட் போகிறது. ஒன்று தடித்த கேபிள். பேட்டரியிலிருந்து நேராக சோலனாய்டின், அதாவது செல்ஃப் மோட்டாரோடு இருக்கிற காந்தச் சுவிட்சின், பெரிய போல்ட்டுக்கு வரும். எஞ்சினைச் சுற்றுகிற நேரத்தில் நூறு ஆம்பியருக்கு மேல் இழுப்பது இந்த வழியில்தான். இன்னொன்று மெல்லிய ஒயர். பேட்டரியில் கிளம்பி, மெயின் பியூஸ், சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், சில வண்டிகளில் பி.டி.ஓ. (ரொட்டவேட்டர் மாதிரி கருவியைச் சுற்றுகிற தண்டு) சுவிட்சோ நியூட்ரல் சுவிட்சோ, இருந்தால் ஒரு ரிலே (சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைச் சேர்க்கிற சுவிட்ச்), இவையெல்லாம் தாண்டி சோலனாய்டின் சின்ன முனைக்கு வரும். இந்த வரிசையில் ஒன்று விட்டாலும் சோலனாய்டு இழுக்காது, சோலனாய்டு இழுக்காவிட்டால் தடித்த கேபிளில் எவ்வளவு கரன்ட் காத்திருந்தும் பயனில்லை. இதில் சுவிட்சுகளை மட்டும் எண்ணக் கூடாது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு கப்ளர் (ஒயர்களைச் செருகிச் சேர்க்கிற இணைப்பு), ஒவ்வொரு கப்ளருக்குள்ளும் பின்கள், ஒவ்வொரு பின்னிலும் நசுக்கிப் பிடித்த ஒயர். என் அனுபவத்தில் சுவிட்சே செத்துப்போவதைவிட இந்த இணைப்புகள் கெடுவதுதான் அதிகம். பழி மட்டும் சுவிட்சுக்குப் போகும், ஏனென்றால் கைக்குத் தெரிவது அதுதான்.

எந்தக் கருவியும் எடுக்குமுன் காதைக் கொடுத்துக் கேளுங்கள். எடுக்காத நேரத்தில் செல்ஃப் மோட்டார் பக்கத்திலிருந்து என்ன சத்தம் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை, பாதி விடை அதில் இருக்கிறது. பலமாக ஒரே ஒரு "டக்" கேட்டு மோட்டார் சுற்றவில்லை என்றால் மெல்லிய வழியில் கரன்ட் வந்து சேர்ந்துவிட்டது. சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் இரண்டையும் விட்டுவிட்டு சோலனாய்டின் உள் கான்டாக்ட், மோட்டாரின் கார்பன் பிரஷ், தடித்த கேபிள், பேட்டரி என்று பாருங்கள். "டகடகடக" என்று படபடத்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது பேட்டரி முனையில் பிடிப்பு இல்லை. சோலனாய்டு இழுக்கும்போது வோல்ட்டேஜ் சரிந்து, பிடியை விட்டு, மறுபடி இழுக்கிறது. சத்தமே இல்லை என்றால் மட்டும்தான் சுவிட்சுகள் மேல் சந்தேகம் வைக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: ரிலே இருக்கிற வண்டியில் டேஷ்போர்டுக்குக் கீழே மெல்லிசாக ஒரு "டிக்" கேட்கும். அது ரிலேயின் சத்தம். அதை சோலனாய்டு சத்தம் என்று எடுத்துக்கொண்டு செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்குக் கொண்டு போனவர்கள் உண்டு.

அடுத்து பேட்டரியும் எர்த்தும், அதாவது வண்டியின் உடம்பு வழியாகக் கரன்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற வழியும். இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். வண்டியை இரவு முழுக்க நிறுத்திவைத்துக் காலையில் மீட்டர் வைத்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி சார்ஜ், 12 என்றால் ஏறக்குறைய காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியையோ அதன் முனைகளையோ பார்த்துவிட்டுத்தான் மற்றது. எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை காட்டினால் சார்ஜிங் சரி. எர்த்துக்கு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயத்தண்டில் வையுங்கள், கிளாம்ப்பில் வேண்டாம். மறு முனையை செல்ஃப் மோட்டாரின் உடம்பில், பெயின்ட் இல்லாத இடத்தில் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட் என்றால் ஒன்றுமில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, துருவும் பெயின்ட்டும் போகத் தேய்த்துப் பூட்டுங்கள். பழைய வண்டியை விற்கும்போது பளபளப்புக்காகச் சேஸிஸ் முழுக்கப் பெயின்ட் அடித்து விற்கிறார்கள். எர்த் போல்ட்டுக்கு அடியிலும் அந்தப் பெயின்ட் போய் உட்கார்ந்திருக்கும். உங்களுடையதும் கைமாறி வந்த வண்டி என்பதால் இதைச் சொல்கிறேன்.

இப்போது சாவி சுவிட்ச். டேஷ்போர்டு விளக்கு எரிகிறது, அதனால் சுவிட்சுக்குக் கரன்ட் நன்றாக வருகிறது என்று எண்ண வேண்டாம். அந்தச் சின்ன விளக்குகள் அரை ஆம்பியர்கூட இழுக்காது. சோலனாய்டோ முதல் இழுப்பில் பத்து, இருபது ஆம்பியர் என்று கேட்கும். மல்டிமீட்டரும் இதே மாதிரிதான் ஏமாற்றும். மீட்டர் கரன்ட்டே இழுக்காது. ஒயருக்குள் இருபது இழை அறுந்து ஒரு இழை ஒட்டியிருந்தாலும் 12 வோல்ட் என்று காட்டிவிடும். அடைத்துப்போன பைப்பின் கேட்வால்வை மூடிவைத்துப் பிரஷர் பார்த்தால் முழுப் பிரஷர் காட்டும், வால்வைத் திறந்தால்தானே சொட்டுவது தெரியும்? அதனால் ஒயரைக் கழற்றி வைத்துக்கொண்டு மீட்டரில் பார்க்காதீர்கள், லோடு இருக்கும்போது, அதாவது கரன்ட் ஓடும்போது பாருங்கள். பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் பற்றவைத்தால் நல்ல டெஸ்ட் லேம்ப் ஆயிற்று. 55 வாட் பல்பு நாலரை ஆம்பியர் இழுக்கும். அது முழு வெளிச்சத்தில் எரிந்தால் அந்த ஒயரில் ஓரளவு தெம்பு இருக்கிறது. மங்கினால் மீட்டர் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம்.

சாவி சுவிட்சின் பின்பக்கம் முனைகளுக்கு எழுத்தோ எண்ணோ போட்டிருக்கும். பேட்டரியிலிருந்து வருவது பி அல்லது 30, செல்ஃபுக்குப் போவது எஸ்.டி. அல்லது 50. எழுத்து இல்லாவிட்டால் சாவி ஆஃபில் இருக்கும்போதும் 12 வோல்ட் காட்டுவது வருகிற முனை, ஸ்டார்ட்டில் திருப்பிப் பிடித்தால் மட்டும் காட்டுவது போகிற முனை. குளோ பிளக் (குளிரில் எஞ்சின் எடுக்க உதவுகிற சூடேற்றி) உள்ள வண்டியில் அதற்கும் தனி முனை இருக்கும், அது ஸ்டார்ட்டிலும் கரன்ட் கொடுக்கலாம், குழம்பிவிடாதீர்கள். கப்ளரைக் கழற்றாமல், பின்னாலிருந்து மீட்டர் ஊசியைச் செருகி, ஒன்றை வருகிற முனையிலும் இன்னொன்றைப் போகிற முனையிலும் வைத்து, ஒருவரைக் கிளட்சை மிதித்தபடி சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். திருப்பாதபோது 12 பக்கம் காட்டும், ஸ்டார்ட்டில் பிடித்தவுடன் 0.2-க்குக் கீழே விழ வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று நின்றால் புதிதாகப் போட்ட சுவிட்சாக இருந்தாலும் உள்ளே கான்டாக்ட் சரியில்லை. கடையில் ஒரே மாதிரி தோற்றத்தில் பல தரம் கிடைக்கிறது. சில சுவிட்சில் பித்தளைத் தகடு காகிதம் கனம்தான்.

உங்கள் வண்டியில் நான் முதலில் கை வைக்க நினைப்பது கிளட்ச் சுவிட்சும் அதன் கப்ளரும். கிளட்சை விட்டு மிதித்தால் எடுக்கிறது என்று நீங்கள் சொன்னதுதான் காரணம். பெடலின் மேல்பகுதியிலோ அடியிலோ, பெடலின் கை வந்து அழுத்துகிற மாதிரி ஒரு சின்ன பிளஞ்சர் சுவிட்ச் இருக்கும். பெடலை முழுக்க மிதித்தால்தான் அது செல்ஃப் வழியைச் சேர்க்கும். கிளட்ச் தேயத் தேயப் பெடலின் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்குமுன் பெடல் சும்மா நகர்கிற தூரம்) மாறும். மெக்கானிக் லிங்க்கை முடுக்கி அதைச் சரிசெய்வார், சுவிட்சின் இடத்தை மாற்ற மறந்துவிடுவார். அப்புறம் பெடல் தரை தொடும் வரை மிதித்தால்தான் பிளஞ்சர் முழுக்க நகரும். சிலருக்குக் கால் கொஞ்சம் குறைவாகப் போகும், எடுக்காது. வீட்டில் ஒருவர் ஏறினால் எடுக்கும், இன்னொருவர் ஏறினால் எடுக்காது என்று வருகிற வண்டிகளில் முக்கால்வாசி இதுதான். சுவிட்சைப் பிடித்திருக்கிற தகடு வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு நட்டைத் தளர்த்தி ஒரு சுற்று நகர்த்தினால் தீர்கிற வேலைக்குச் சுவிட்ச் மாற்றத் தேவையில்லை.

சேடை (நடவுக்கு முன் சேற்றுழவு) ஓட்டுகிற வண்டியாக இருந்திருந்தால் சேறும் ஒரு காரணம். பிளஞ்சரைச் சுற்றியிருக்கிற ரப்பர் கிழிந்தால் சேறு உள்ளே போய் வெயிலில் காய்ந்து இறுகிவிடும். விரலால் அழுத்தினால் போகும், திரும்பி வராது, அல்லது அழுத்தவே முடியாது. கப்ளரைக் கழற்றி மீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பாருங்கள். ஒரு நிலையில் ஏறக்குறைய பூஜ்யம், இன்னொரு நிலையில் முழுக்கத் திறப்பு, இரண்டும் தெளிவாக மாற வேண்டும். எந்த நிலையில் எது என்பது மாடலைப் பொறுத்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டே சுவிட்சைப் பக்கவாட்டில் ஆட்டும்போது எண் குதித்தால் சுவிட்சை மாற்ற வேண்டியதுதான். நாலு பின் இருந்தால் உள்ளே இரண்டு ஜோடி இருக்கும், இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

சுவிட்ச் நன்றாக இருந்தால் கப்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சும்மா எட்டிப் பார்த்தால் தெரியாது. நான் அடிக்கடி பார்ப்பது ஒன்று: இரண்டு பின்னில் ஒன்று மற்றதைவிட அரிசியளவு உள்வாங்கியிருக்கும். பின்னைப் பிடித்து நிறுத்துகிற குட்டி நாக்கு முறிந்திருக்கும். கப்ளரைச் செருகும்போது எதிர்ப்பக்கத்துப் பின் இதைப் பின்னால் தள்ளிவிடுகிறது, நுனியும் நுனியும் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கப்ளர் "கிளிக்" என்று பூட்டி அழகாக இருக்கும். காலால் கிளட்சை மிதிக்கிற அதிர்விலேயே சேரும், விடும். பின் வெளியே வருகிற இடத்தில் ஒயரைச் சுண்டுவிரல் பலத்தில் இழுத்துப் பாருங்கள், கையோடு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். செம்பில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் அந்த ஒயர் உள்ளே இன்னும் ஓர் அங்குலமாவது கறுத்திருக்கும், பளபளப்பு வரும் வரை வெட்டிவிட்டுப் புதுப் பின் போடுங்கள். மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை அடுக்கிய கொட்டகையில் வண்டி நிற்கிறது என்றால் எலியையும் கணக்கில் எடுங்கள். டேங்க்குக்கு அடியில், சூடு தங்குகிற இடத்தில் ஒயரிங்கைக் கடித்துவைத்திருக்கும்.

மதியத்தில் மட்டும் ஏன்? இதற்கு ஒரு விளக்கம் உண்டு. செம்புக் கம்பிக்குச் சூடு ஏறினால் தடை கூடும், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம். காலையில் 30 டிகிரியில் இருக்கிற சோலனாய்டு சுருள், எஞ்சினை ஒட்டியே இருப்பதால், ரொட்டவேட்டர் ஓட்டி முடிக்கும்போது 90-க்குப் போனால் தடை கால்வாசி கூடிவிடும். அதே அளவு இழுக்க இப்போது கூடுதல் வோல்ட்டேஜ் வேண்டும். வழியில் சாவி சுவிட்ச் கொஞ்சம், கப்ளர் கொஞ்சம், கிளட்ச் சுவிட்ச் கொஞ்சம் என்று ஆளுக்கு அரை வோல்ட் தின்றால் காலையில் எப்படியோ சமாளிக்கும், மதியத்தில் கைவிட்டுவிடும். நம்மூர் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இப்படி நடக்கும் என்பது உறுதி. உங்கள் வண்டியில் நடப்பது இதுதானா என்பது அளந்தால்தான் தெரியும். சூட்டில் விரிந்து கான்டாக்ட் விடுகிற கப்ளரும் இதே அடையாளத்தைக் காட்டும்.

அளக்கும் முறை எளிது, ஆனால் பழுது வந்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டும். காலையில் நல்ல வண்டியை அளந்து பயனில்லை. மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலேயே விட்டுவிடுங்கள். கறுப்பு முனையை சோலனாய்டின் சின்ன முனையில் வைத்து, சாவியை ஸ்டார்ட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். இப்போது காட்டுவது வழி முழுக்க விழுங்கிய வோல்ட்டேஜ். ஒன்றுக்குள் இருந்தால் வழி சுத்தம். இரண்டு, மூன்று என்றால் எங்கோ கசடு. 12-ஐ ஒட்டிக் காட்டினால் எங்கோ முழுக்க அறுந்திருக்கிறது. அதே சிவப்பை அசைக்காமல், கறுப்பை மட்டும் ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி நகர்த்துங்கள்: கிளட்ச் சுவிட்சின் வெளி முனை, உள் முனை, சாவி சுவிட்சின் போகிற முனை, வருகிற முனை. எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் எண் சட்டென்று குறைகிறதோ, பழுது அந்த இரண்டுக்கும் நடுவில். சில மாடல்களில் கிளட்ச் சுவிட்ச் ரிலேயின் எர்த் பக்கம் வரும். அங்கே ரிலேயின் சுருளிலேயே 12 வோல்ட்டும் தங்கிவிடும் என்பதால் இந்த எண்கள் வேறு மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட வண்டிக்குக் கிளட்சை மிதித்து, சாவியை ஸ்டார்ட்டில் பிடித்துக்கொண்டு, ரிலேயிலிருந்து சுவிட்சுக்கு வருகிற முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் பாருங்கள், பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

தோட்டத்தில் தனியாக இருக்கும்போதுதான் கோளாறு வருகிறது, மீட்டர் பிடிக்க ஆள் இல்லை என்றால் இன்னொரு வழி. 12 வோல்ட் 5 வாட் பல்பு மூன்று எடுத்துக்கொண்டு, ஒன்றைச் சாவி சுவிட்சின் போகிற முனையில், ஒன்றைக் கிளட்ச் சுவிட்ச் தாண்டி, ஒன்றை சோலனாய்டின் சின்ன முனையில் இணைத்து, மூன்றின் மறுமுனையையும் எர்த் செய்து, நீளமான ஒயரில் டேஷ்போர்டுக்குக் கொண்டுவந்து டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். எடுக்காத அன்று சாவியைத் திருப்பிப் பிடித்தபடி பல்புகளைப் பாருங்கள். முதல் பல்பே எரியவில்லை என்றால் சாவி சுவிட்சோ அதற்கு முந்தியதோ. ஒன்று எரிந்து இரண்டாவது எரியாவிட்டால் கிளட்ச் சுவிட்ச். மூன்றும் பளிச்சென்று எரிந்தும் சுற்றாவிட்டால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றலாம். பார்க்கத் திருவிழா மாதிரி இருக்கும், கேலி செய்வார்கள். ஆனாலும் எப்போதாவது வருகிற பழுதைப் பிடிக்க எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான வழி இல்லை.

இனி டைரக்ட் விஷயம். சோதனைக்காக இரண்டு நிமிடம் கிளட்ச் சுவிட்சின் கப்ளரில் ஒரு ஜம்பர் ஒயர் கொடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை. சமதரையில் வண்டி, கை பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, மெயின் கியரும் ஹை-லோ கியரும் நியூட்ரலில், பி.டி.ஓ. ஆஃபில், முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லாமல், ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்து. அப்படிக் கொடுத்து மதிய நேரத்தில் ஒவ்வொரு தடவையும் எடுத்தால் பழுது அந்தச் சுவிட்சிலோ கப்ளரிலோதான் என்று தெரிந்துவிட்டது. ஜம்பரைப் பிடுங்கிவிட்டுப் புதுச் சுவிட்ச் வாங்குங்கள். நிரந்தரமாக முறுக்கிவிட்டால் என்ன ஆகும்? கியரில் நிற்கிற வண்டி சாவியைத் தொட்டதும் பாயும். டீசல் எஞ்சின் ஒரு சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும், கியர் லோவில் இருந்தால் அணையவும் அணையாது, நடந்துகொண்டே போகும். கீழே நின்றபடி கையை நீட்டிச் சாவி திருப்புகிற பழக்கம் நம்மவர்களுக்கு இருக்கிறது. அப்போது உடம்பு இருப்பது பின் சக்கரத்துக்கு முன்னால். ரொட்டவேட்டர் சேர்ந்திருந்தால் கத்தியும் சுற்றும். இதைவிட மோசம் சோலனாய்டின் இரண்டு முனையிலும் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தட்டி எடுப்பது. அது எல்லாச் சுவிட்சையும் ஒரே அடியில் தாண்டிவிடும், தட்டுகிறவர் நிற்பதும் சக்கரத்துக்குப் பக்கத்தில். ஓட்டக் கற்றுக்கொள்கிற பையன்கள் உள்ள வீடு என்றால் இன்னும் யோசியுங்கள்.

உங்கள் வண்டியை முன்னால் வைத்திருந்தவர் ஏற்கெனவே டைரக்ட் பண்ணியிருக்கவும் வாய்ப்பு உண்டு. மேலே சொன்ன அதே ஏற்பாட்டோடு, நியூட்ரலில், கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பிப் பாருங்கள். எடுத்தால் அந்தச் சுவிட்ச் வரிசையிலேயே இல்லை. அப்படியானால் கிளட்சை மறுபடி மிதித்ததும் எடுக்கிறது என்பது தற்செயல், அந்த நேர இடைவெளியில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. இந்த ஒரு சோதனையை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள், காசும் செலவில்லை. சில மாடல்களில் கிளட்ச் சுவிட்சுக்குப் பதில் நியூட்ரல் சுவிட்ச் மட்டும் இருக்கும். மேனுவலில் ஒரு வரி பார்த்தால் தெரிந்துவிடும். சீட் சுவிட்ச் பற்றியும் மெக்கானிக் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நம் பக்கம் ஓடுகிற பல மினி டிராக்டர்களில் அது கிடையாது. உங்கள் சீட்டுக்கு அடியில் ஒயர் போகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு அப்புறம் கவலைப்படுங்கள்.

சோதனையில் எல்லாச் சுவிட்சும் சுமாராகத் தேறி, ஆனால் மொத்தத்தில் இரண்டு வோல்ட் போகிறது, ரிலேயும் இல்லை என்று வந்தால் நான் செய்வது ரிலே போடுவது. சோலனாய்டின் முழு இழுப்பும் சாவி சுவிட்ச் வழியாகப் போவதால்தான் அதன் கான்டாக்ட் தீய்கிறது. 4 பின் ரிலே, 12 வோல்ட், 40 ஆம்பியர். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பியூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து சோலனாய்டின் சின்ன முனைக்கு, இதுவரை அந்தச் சின்ன முனைக்கு வந்துகொண்டிருந்த பழைய ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. பியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். இப்போது சாவியும் கிளட்ச் சுவிட்சும் ரிலேயின் சுருளை மட்டும் ஓட்டுகின்றன, அது கால் ஆம்பியர்கூட இழுக்காது. கிளட்ச் சுவிட்சும் அதன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். 30-க்கும் 87-க்கும் 2.5 சதுர மி.மீ.க்குக் குறையாத ஆட்டோ ஒயர் போடுங்கள். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கி மிச்சமான ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம், வண்டி அதிர்வில் முறிந்துவிடும். முறுக்கி டேப் சுற்றுவதும் வேண்டாம். வெயிலில் பசை இளகி டேப் தானாகவே பிரிந்து தொங்கும். நசுக்கி, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, ஆடாமல் கட்டிவிடுங்கள்.

போர் தண்ணீரைப் பைப்பில் பிடித்து டேஷ்போர்டையும் கிளட்ச் பெடல் பக்கத்தையும் கழுவுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், ஈரத்துணி போதும். சாவி சுவிட்சுக்குள் டீசலோ கிரீஸோ விட வேண்டாம், மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கான்டாக்ட் கிளீனர் என்றே ஸ்ப்ரே விற்கிறது, அதை அடித்து, காய்ந்த பிறகு சாவியைத் திருப்புங்கள்.

இவ்வளவும் பார்த்துவிட்டு நான்கு விவரம் எழுதுங்கள்: எடுக்காத நேரத்தில் சத்தம் உண்டா இல்லையா, மிதிக்காமலே எடுக்கிறதா, இரவு நின்ற பிறகு பேட்டரி வோல்ட்டேஜ் எவ்வளவு, மதியத்தில் பேட்டரி பிளஸ்ஸுக்கும் சோலனாய்டின் சின்ன முனைக்கும் நடுவில் மீட்டர் என்ன காட்டியது. கூடவே கிளட்ச் சுவிட்ச் கப்ளரைக் கழற்றி, பின் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. அடுத்து எதைக் கழற்றுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.